ஆயுதங்களுக்கு மட்டும் ஏன் விலக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவை நெறிப்படுத்த உலகெங்கும் சட்டங்கள் உருவாகிவருவதை வரவேற்கும் நாம், அவை எதைத் தொடாமல் விடுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) உருவாக்கிய, இத்துறையின் முதல் பன்னாட்டு உடன்படிக்கை அடுத்த மாதமே லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. வேலைக்கு ஆள் எடுக்கவும் கடன் தகுதியை அளக்கவும் பயன்படும் மென்பொருளுக்குக்கூட விரிவான விதிகள் வகுத்த ஐரோப்பியச் சட்டம், ராணுவத்துக்கு மட்டுமே பயன்படும் கருவிகளைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஐரோப்பிய கவுன்சிலின் உடன்படிக்கையும் நாட்டின் ராணுவப் பாதுகாப்பு விவகாரங்களுக்குப் பொருந்தாது.

இந்த விலக்கு சிறிய விஷயம் அல்ல. எதிர்த்தரப்பு அலைவரிசையை முடக்கும்போது ட்ரோனுக்கும் அதை இயக்குபவருக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோகிறது. அதன் பிறகும் தாக்குதல் நடக்க, இலக்கைப் பின்தொடர்வதையோ தேர்ந்தெடுப்பதையோ கருவியிடமே விட்டுவிடும் போக்கு வளர்கிறது. உக்ரைன் போரில் அலைமுடக்கம் அன்றாட நிகழ்வாகிவிட்டதால், தானே இலக்கைத் தேர்ந்தெடுக்கும் ஆயுதங்களை நோக்கிய ஓட்டமும் வேகம் பிடித்திருக்கிறது. சரணடையக் கை தூக்குபவரையும் காயம்பட்டுக் கிடப்பவரையும் தாக்கக் கூடாது என்பது போர்ச் சட்டத்தின் அடிப்படை விதி. கேமராவில் விழும் உருவத்தை முன்பு பயின்ற வடிவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி இதில் தவறினால், பொறுப்பேற்க வேண்டியவர் தளபதியா, மென்பொருளை எழுதியவரா, விற்ற நிறுவனமா?

இதற்கு விடை காண, சில வகை மரபு ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் (CCW) கீழ் 2014 முதல் ஜெனீவாவில் பேச்சு நடக்கிறது. இதற்கென அமைந்த அரசு நிபுணர் குழுவுக்கு முதலில் தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில் என்பது நமக்குப் பெருமையே. ஆனால், அங்கே ஒருமித்த கருத்து இல்லாமல் எதுவும் முடிவாகாது. விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள் முரண்டு பிடித்தாலே எல்லாம் நின்றுவிடும். 2019-ல் ஏற்கப்பட்ட 11 வழிகாட்டு நெறிகளும் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல.

2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் இத்தகைய ஆயுதங்கள் தொடர்பான தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. மறு ஆண்டு 166 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தின்போது வாக்களிக்காமல் விலகி நின்றது. ஜெனீவா மன்றமே இதற்கு உரிய இடம், இணையாக இன்னொரு முயற்சி வேண்டாம் என்பது நம் அரசின் வாதம். அந்த மன்றம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கண்பார்வையைப் பறிக்கும் லேசர் ஆயுதங்களை, அவை போர்க்களத்துக்குப் பரவும் முன்பே, 1995-ல் தடைசெய்த நெறிமுறை ஜெனீவா பேச்சுக்கு அடிப்படையான அதே ஆயுத உடன்படிக்கையின் கீழ்தான் பிறந்தது. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. அந்த முன்மாதிரி கையில் இருக்க, பத்தாண்டுக்கு மேல் பேச்சு மட்டுமே நீள்வதை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

தானே இலக்கைத் தேர்ந்தெடுத்துத் தாக்கும் ஆயுதங்களுக்குத் தெளிவான தடைகளும் கட்டுப்பாடுகளும் விதிக்கும் உடன்படிக்கையை 2026-க்குள் முடிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தலைவரும் 2023 அக்டோபரில் கூட்டாகக் கேட்டுக்கொண்டனர். அந்த உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தையைத் தொடங்க இந்தியா ஒப்புக்கொள்ளுமா, எந்த நிபந்தனைகளோடு என்பதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளியுறவு அமைச்சகத்திடம் கேள்வி நேரத்தில் எழுப்பி, அவைக்குறிப்பில் பதிலைப் பெற வேண்டும்.

தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி