‘பணமாக மாற்ற முடியாது’ என்ற அந்த ஒரு வரி: எஃப்.ஏ.டி.எஃப். அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

கள்ளப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க உலக நாடுகளுக்கு விதிமுறைகளைப் பரிந்துரைக்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் (எஃப்.ஏ.டி.எஃப்.) உறுப்பு நாடுகளுக்கும் பாரிஸ் செயலகத்துக்கும்,

வணக்கம்.

பணம் செலுத்தும் சேவை நிறுவனம் ஒன்றில், கார்டு புகார்களைப் பார்க்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். “இந்தச் செலவை நான் செய்யவில்லை” என்று கார்டுக்குச் சொந்தக்காரர் எழுதுவார். அதை விசாரிப்பது எங்கள் வேலை. அந்தப் புகார்களில் ஒரு வகை எனக்கு மனப்பாடம். நள்ளிரவில், சில நிமிட இடைவெளியில், ஒரே தொகை திரும்பத் திரும்பப் போயிருக்கும். வாங்கியது ஏதோ ஓர் ஆன்லைன் விளையாட்டின் நாணயம். கார்டுக்காரர் பெரும்பாலும் வயதானவராக இருப்பார். அந்த விளையாட்டின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சார்ஜ்பேக் போட்டு, அதாவது விற்றவரிடமிருந்து தொகையைத் திரும்பப் பெற்று, அவர் பணத்தைத் திருப்பிக் கொடுப்போம். எங்களைப் பொறுத்தவரை கோப்பு அத்தோடு முடிந்தது.

அந்த நாணயம் எங்கே போனது என்று விளையாட்டு நிறுவனத்தைக் கேட்டால், “கணக்கை முடக்கிவிட்டோம்” என்று ஒரு வரி பதில் வரும். முடக்கும்போது கணக்கில் ஒன்றும் மிச்சம் இருக்காது. நாணயம் ஒரு வாளாகவோ, ஆடையாகவோ, பெட்டிச் சாவியாகவோ மாறி, நாலைந்து கணக்குகளைத் தாண்டி, வெளிச் சந்தையில் குறைந்த விலைக்கு விற்றுப் போயிருக்கும். வாங்கியவர் தன் சொந்தக் காசைக் கொடுத்து வாங்கிய சாதாரண விளையாட்டுக்காரர். அவர் கொடுத்த நல்ல பணம் திருடியவன் கைக்குப் போயிருக்கும். நுழைத்தல், அடுக்கடுக்காக மறைத்தல், வெள்ளையாக வெளியே எடுத்தல் என்று உங்கள் கையேடுகள் சொல்லும் மூன்று கட்டங்களும் ஒரே இரவில் முடிந்துவிட்டன. நான் பார்த்தவரை இதைப் பற்றி ஒருவரும் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைகளைப் பெறும் அரசின் எந்த நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கும் ஓர் அறிக்கைகூட அனுப்பியதில்லை. அனுப்பும் கடமை யாருக்கு என்பதிலேயே தெளிவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

2014-இல் மெய்நிகர் நாணயங்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட அறிக்கை, அவற்றை இரண்டாகப் பிரித்தது. உண்மைப் பணமாக மாற்றக்கூடியவை ஒரு பக்கம். மாற்ற முடியாதவை மறுபக்கம். பிட்காயினும், செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகின் லிண்டன் டாலரும் முதல் பட்டியலில் இருந்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டின் தங்கம் இரண்டாவதில் இருந்தது. மாற்ற முடியாது என்று விதி இருந்தாலும் கள்ளச் சந்தை ஒன்று முளைக்கலாம் என்று அதே அறிக்கையில் நீங்களே குறிப்பிட்டீர்கள். ஆனால் அந்தக் குறிப்பு பின்னால் கடமையாக வளரவே இல்லை. 2018 அக்டோபரில், புதிய தொழில்நுட்பங்களைப் பற்றிய உங்கள் 15-ஆம் பரிந்துரையைக் கிரிப்டோ சொத்துகளுக்கும் பொருந்தும்படி திருத்தினீர்கள். 2019 ஜூனில் விளக்கக் குறிப்பு வந்தது. கிரிப்டோ பரிமாற்றகங்கள் வாடிக்கையாளரை அடையாளம் காண வேண்டும், 1000 டாலர் அல்லது யூரோவுக்கு மேற்பட்ட பரிமாற்றங்களில் அனுப்புபவர், பெறுபவர் விவரங்கள் உடன் போக வேண்டும் என்றெல்லாம் வந்தது. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். மூடிய வட்டத்துக்குள் மட்டும் புழங்கி, கைமாறாத, வெளியே விற்க முடியாத புள்ளிகளை மட்டும் அதிலிருந்து விலக்கினீர்கள். அதுவும் நியாயம்தான். விமானப் பயணப் புள்ளிகளுக்கு எதற்கு இத்தனை காவல்?

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வட்டம் மூடியிருக்கிறதா என்பதை நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகளைப் படித்து முடிவு செய்வதில்தான். “இந்த நாணயத்துக்குப் பண மதிப்பு இல்லை, இதைப் பணமாக மாற்ற முடியாது” என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்த நிறுவனம் தன்னை உங்கள் விதிகளுக்கு வெளியே இருப்பதாகக் கருதிக்கொள்கிறது. அந்த வரிக்கும் உலகில் நடப்பதற்கும் சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை.

2019 அக்டோபரில் வால்வ் நிறுவனம் செய்ததைப் பாருங்கள். அதன் கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் பெட்டிகளைத் திறக்கும் சாவிகளை வாங்கவும் மற்றவருக்குக் கைமாற்றவும் அதுவரை முடிந்தது. வெளிச் சந்தைகளில் அந்தச் சாவியே ஒரு நாணயம் போலப் புழங்கியது. உலகளாவிய மோசடிக் கும்பல்கள் சாவிகள் வழியாகப் பணத்தை எடுக்கத் தொடங்கிவிட்டன, கைமாறும் சாவிகளில் கிட்டத்தட்ட எல்லாமே மோசடியில் வந்தவை என்று நம்புகிறோம் என அந்த நிறுவனமே பகிரங்கமாகச் சொன்னது. அன்று முதல் புதிதாக வாங்கும் சாவிகளைக் கைமாற்ற முடியாதபடி செய்தது. நிறுவனமே முன்வந்து சொன்னது பாராட்டத்தக்கது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அதற்கு முன்பு எவ்வளவு காலம் அப்படி ஓடியது? எத்தனை கார்டுகள், எத்தனை பேருடைய பணம்? கதவை மூடுவதும் திறந்து வைப்பதும் ஒரு தனியார் நிறுவனத்தின் விருப்பமாக இருந்தது என்பதுதான் அந்த அறிவிப்பிலிருந்து நான் புரிந்துகொண்டது.

கிரிப்டோவைப் பற்றிப் பேசும்போது அதுதான் இருட்டு, மற்றதெல்லாம் வெளிச்சம் என்பது போல ஒரு தொனி அதிகாரிகளின் பேச்சில் அடிக்கடி வருகிறது. என் அனுபவம் நேர்மாறானது. 2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் ரோனின் பாலத்திலிருந்து (ஒரு கிரிப்டோ வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு நாணயத்தைக் கொண்டுபோகும் வழி) 1,73,600 ஈத்தர், 2.55 கோடி யுஎஸ்டிசி என்ற கிரிப்டோ நாணயங்கள் திருடப்பட்டன. மதிப்பு 60 கோடி டாலருக்கு மேல். பெருந்தொற்றுக் காலத்தில் பிலிப்பைன்ஸில் பலர் வேலை இழந்து, இந்த விளையாட்டை ஆடித்தான் வீட்டுச் செலவைப் பார்த்தார்கள். திருட்டு நடந்தது 23-ஆம் தேதி. ஒருவர் தன் 5,000 ஈத்தரை எடுக்க முடியாமல் புகார் சொன்ன பிறகு 29-ஆம் தேதிதான் நிறுவனத்துக்கே தெரிந்தது. ஆறு நாள் யாரும் கவனிக்கவில்லை என்பது வெட்கக்கேடுதான். ஆனால் கவனித்த நிமிடத்திலிருந்து அந்தப் பணம் போன ஒவ்வொரு அடியும், யாரும் பார்க்கக்கூடிய கிரிப்டோவின் பொதுப் பேரேட்டில் உலகத்துக்கே தெரிந்தது. அடுத்த மாதமே வட கொரியாவின் லாசரஸ் என்ற இணையத் திருட்டுக் குழுவை எஃப்.பி.ஐ. கைகாட்டியது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பலருடைய நாணயங்களைக் கலந்து தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் என்ற கலவைச் சேவைக்குள் போய்க் கரைந்தது உண்மை. அதன் மீது அமெரிக்கா 2022 ஆகஸ்டில் விதித்த தடை, நீதிமன்றத்தில் அடிவாங்கி 2025 மார்ச்சில் நீக்கப்பட்டதும் உண்மை. இருந்தாலும் திருட்டில் ஏறத்தாழ 3 கோடி டாலர் மீட்கப்பட்டதாக 2022 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. பிட்ஃபினெக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்தில் 2016-இல் திருடு போன பிட்காயின்களில் 94,000-க்கு மேல் 2022 பிப்ரவரியில் பறிமுதல் ஆயின. ஆறு ஆண்டு கழித்தும் தடம் அழியவில்லை.

ஒரு விளையாட்டு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் கணக்குப் புத்தகத்தை யார் பார்க்க முடியும்? அந்த நிறுவனம் மட்டும். அதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லாத இடத்தில், அது வேண்டாதபோது அழித்துவிடலாம். வங்கிகள் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் 11-ஆம் பரிந்துரை சொல்கிறது. அதே பணம் வாளாக மாறிய அடுத்த கணம் அந்த 5 ஆண்டு ஏன் காணாமல் போக வேண்டும்?

யாரும் கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லிபர்ட்டி ரிசர்வ் போதும். கோஸ்டா ரிக்காவிலிருந்து நடந்த அந்த டிஜிட்டல் நாணயச் சேவை 2013 மே மாதம் மூடப்பட்டபோது, 5.5 கோடி பரிவர்த்தனைகள், 600 கோடி டாலர் என்று குற்றப்பத்திரிகை சொன்னது. விசாரணை அதிகாரி ஒருவர் வேண்டுமென்றே ‘ஜோ போகஸ்’ என்று பொய்ப்பெயரும் ‘123 ஃபேக் மெயின் ஸ்ட்ரீட்’ என்று பொய் முகவரியும் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருக்கிறார். தொடங்க முடிந்தது. நிறுவனர் ஆர்தர் புடோவ்ஸ்கிக்கு 2016-இல் 20 ஆண்டு சிறை. அவர் அதே துறையில் உரிமமில்லாத தொழில் நடத்தியதற்காக ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டவர் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

மாறாக, காவலும் விளையாட்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு செகண்ட் லைஃப் இருக்கிறது. 2007-இல் அங்கே சூதாட்டம் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு ஜின்கோ என்ற உள்ளூர் ‘வங்கி’ கவிழ்ந்து பலர் சேமிப்பை இழந்தார்கள். 2008 ஜனவரியில், உண்மையான வங்கி உரிமம் இல்லாமல் அங்கே வட்டி தரக் கூடாது என்றாயிற்று. 2013 மார்ச்சில் அமெரிக்க அரசின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவான ஃபின்சென், மெய்நிகர் நாணயத்தை வெளியிட்டு நிர்வகிப்பவரும் மாற்றித் தருபவரும் பணப் பரிமாற்றத் தொழில் செய்பவர்களே, ஆனால் அதை வைத்துப் பொருள் வாங்கும் சாதாரணப் பயனர் அப்படியல்ல என்று கோடு கிழித்தது. செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் பிறகு டிலியா என்ற உரிமம் பெற்ற துணை நிறுவனம் வழியாகத்தான் பணத்தை வெளியே எடுக்க விட்டது. எடுப்பவர் தான் யார் என்று காட்ட வேண்டும். அந்த உலகம் இதனால் அழிந்துவிடவில்லை.

ஃபின்சென் கிழித்த அந்தக் கோடு எனக்கு முக்கியம். ஏனென்றால் இந்த மடலைத் தவறாகப் படித்து, விளையாடும் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேளுங்கள் என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. இந்த உலகங்களில் இருப்பவர்களில் பலர் பிள்ளைகள். அவர்களுடைய பிறந்த தேதியும் முகமும் அட்டையின் நகலும் ஒரு விளையாட்டு நிறுவனத்தின் சர்வரில் குவிந்தால், அது அடுத்த திருட்டுக்கு நாமே கொட்டி வைத்த புதையல். ஒரு பிள்ளை நண்பனுக்கு ஒரு தொப்பியைப் பரிசளிப்பதைக் கண்காணிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. புதிய கணக்கு ஒன்று ஒரே இரவில் நூறு சாவிகளை வாங்கி, விடிவதற்குள் எல்லாவற்றையும் கைமாற்றினால் அதைக் கேளுங்கள் என்கிறேன். பொருள் உண்மைப் பணமாக மாறும் இடத்தில் அடையாளம் கேளுங்கள். உள்ளே, அளவையும் வேகத்தையும் பார்த்தால் போதும். இதற்கான கருவிகள் நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. விளையாட்டில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்க அவற்றை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே அடுத்த வழிகாட்டுதலில் எழுதுங்கள்: ஒரு நாணயமோ பொருளோ பயனர்களுக்கிடையே கைமாறக்கூடியதாக இருந்து, அதற்கு வெளியே விலை சொல்லும் சந்தையும் தொடர்ந்து இயங்கினால், பயன்பாட்டு விதி என்ன சொன்னாலும் அது மாற்றத்தக்கதே. அந்த நிறுவனம் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்ப வேண்டும், கைமாற்றப் பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெளிச் சந்தையை நடத்துபவரும் உரிமம் பெற வேண்டும். கார்டு திருடப்பட்டது என்று பணம் செலுத்தும் நிறுவனம் சொன்னவுடன், அந்தப் பணத்தில் வாங்கிய பொருள் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று திருப்பிச் சொல்லும் கடமையும் வேண்டும். இந்தக் கடைசி ஒன்று மட்டும் இருந்திருந்தால், நான் மூடிய கோப்புகளில் பல மூடப்பட்டிருக்காது.

உங்கள் நிறைகூட்டம் ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. அடுத்த முறை ஒரே ஓர் எடுத்துக்காட்டை மேசையில் வையுங்கள்: திருடிய கார்டு, அதில் வாங்கிய சாவி, நான்கு கணக்குகள், ஒரு வெளிச் சந்தை, கடைசியில் ஒரு வங்கிக் கணக்கு. இந்த வரிசையில் அறிக்கை அனுப்ப வேண்டியவர் உங்கள் நாட்டுச் சட்டப்படி யார் என்று ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதியையும் கேட்டு, வரும் பதில்களை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கார்டு புகார் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த ஒருத்தி