14 செட்டில் அடங்காத ஒரு பாத்திரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஷ்வாஷர் வாங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 12 செட்டா, 14 செட்டா என்பதிலேயே பாதி இடம் போய்விட்டது. அந்தக் கணக்கை நம்பி வாங்கியவள் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு செட் என்பது ஒருவர் சாப்பிடும் தட்டு, கிண்ணம், டம்ளர், ஸ்பூன் வகையறா. 14 பேருடைய தட்டுகள் அடங்கும் என்பதற்காக நான்கு பேருக்குச் சமைத்த பாத்திரங்கள் அடங்கிவிடாது. எங்கள் வீட்டில் நான்கே பேர்தான். முதல் நாளே பெரிய பாத்திரத்தைக் கீழ்த்தட்டில் கவிழ்த்தேன். மேலே தண்ணீர் பீய்ச்சும் கை அதில் இடித்து நின்றுவிட்டது. மேல்தட்டை ஏற்றி இறக்க முடியுமா என்று கடையிலேயே கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருக்கும் உயரமான பாத்திரத்தையும், வாணலியைக் கைப்பிடியோடு சேர்த்தும் அளந்து குறித்துக்கொண்டு, கையில் டேப்போடு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அலுமினியமும் மரக்கைப்பிடியும் எத்தனை இருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள். அலுமினியம் கறுத்துவிடும், மரம் வெடிக்கும். அவற்றைக் கையால்தான் கழுவியாக வேண்டும்.

கட்டுரையில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டில் வருவது கடின நீர். இரண்டாவது மாதமே கண்ணாடி டம்ளர்களில் வெள்ளை படிந்தது. பழுதென்று நினைத்து ஆளைக் கூப்பிட்டேன். வந்த பையன் அடியிலிருந்த மூடியைத் திருகி, "உப்பே போடலையா அம்மா?" என்றான். பாத்திரம் கழுவ உப்பு எதற்கு என்று நான்தான் விட்டிருந்தேன். தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைக்கும் பிசின்மணிகள் உள்ளே இருக்கின்றன. அவற்றைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயாராக்குவது இந்த உப்புதான். சமையல் உப்பைப் போடக் கூடாது, இதற்கென்றே விற்கும் பரல் உப்புதான் வேண்டும். எல்லா மாடலிலும் இந்த ஏற்பாடு இருக்காது, கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் உங்கள் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப இயந்திரத்தின் அமைப்பைத் திருத்தி வையுங்கள்.

வினிகரில் ஊறவைத்து டம்ளர்களை மீட்டுவிட்டேன், இரண்டைத் தவிர. வினிகருக்குப் போகாத அந்த மங்கல், மேலே படிந்தது அல்ல; கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, அது திரும்பாது.

ஈகோ முறை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதே, கரண்ட் பில் எகிறாதா என்று என் கணவர் இன்னும் முணுமுணுக்கிறார். மின்சாரம் பெரும்பாலும் செலவாவது தண்ணீரைச் சூடாக்கத்தான். சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதால் செலவு மிச்சம்தான். சொல்லியாயிற்று, அவர் நம்பவில்லை.

அப்புறம், கட்டுரை அவ்வளவு புகழ்ந்த வைஃபை வசதி. ஒரே ஒருமுறை செயலியைத் திறந்து பார்த்தேன். உப்பு தீர்ந்துவிட்டது என்றது. இயந்திரத்தின் முன்பக்க விளக்கும் இரண்டு நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி