மணலை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நீச்சல்குளத்து ஃபில்டருக்குள் போய்விட்டுத் திரும்பும் தண்ணீர் பழுப்பாகக் கலங்கித்தான் வருகிறது. பார்க்க வந்தவர் ஃபில்டர் டேங்கில் இருக்கிற மணல் முழுவதையும் மாற்றணும், பம்பும் பெரிதாகப் போடணும் என்றாராமே. அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. ஈசிஆர் ஓட்டல்களில் பூல் ஆபரேட்டராகவே காலம் தள்ளியவன் சொல்கிறேன்: அழுக்கு எந்த வழியாகத் தப்பி வருகிறது என்று பார்க்காமல் எதை மாற்றினாலும் அது தண்டச் செலவு.

அதற்கும் முன்னால் ஒன்று. குளத்தின் அடியில் இருக்கிற வடிகால் மூடி மேலே நின்று பார்த்தால் பளிச்சென்று தெரியவில்லையா, ஹோம்ஸ்டேக்கு வந்திருக்கிற யாரையும் இறங்க விடாதே. கலங்கல் தண்ணீரில் ஒரு குழந்தை முங்கினால் கரையில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. ஆன்லைனில் ஒரு ஸ்டார் குறைந்தால் குறையட்டும்.

இனி வேலைக்கு வருவோம். தண்ணீர் திரும்பி வரும் வாயில் ஒரு பழைய நைலான் சாக்ஸைக் கட்டி, பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிடு. பிறகு பம்பை நிறுத்திவிட்டு, உள்ளே சிக்கியதை விரலால் தேய்த்துப் பார். நறநறவென்று இருந்தால் மணல். வழுவழுவென்று கரைந்து போனால் பாசியோ புழுதியோ. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மணல் வந்தால் டேங்கின் அடியில் விசிறியாக விரிந்திருக்கும் லேட்டரல் குழாய்களில் ஏதோ ஒன்று உடைந்திருக்கும். இல்லாவிட்டால் நடுக்குழாயில் விரிசல் விழுந்திருக்கும். அதற்கு மணலை அள்ளித்தான் ஆகவேண்டும். ஆனால் வருவது பாசிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்போது வருகிறது என்பதையும் கவனி. பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவுவது, முடித்து பம்பைப் போட்டதும் ஒரு நிமிடம் மட்டும் கலங்கலாக வந்து தெளிந்தால், குளம் கழுவ வருகிற தம்பி வால்வுக் கைப்பிடியை ‘ரின்ஸ்’ வைக்காமல் நேராக ‘ஃபில்டர்’ வைக்கிறான் என்று அர்த்தம். ரின்ஸில் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடினால் போதும், டேங்கில் மிச்சம் நிற்கிற அழுக்கு வெளியே போய்விடும்.

எந்நேரமும் கலங்கலாக வந்தால் அந்த மல்டிபோர்ட் வால்வைப் பார், தண்ணீர் போகிற வழியை மாற்றிவிடுவது அதுதான். கைப்பிடி ‘ரீசர்குலேட்’டில் நின்றால் தண்ணீர் மணலைத் தொடாமலே திரும்பிவிடும். சிரிக்காதே, பெரிய ஓட்டல்களிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடி சரியாக இருந்தால், ஃபில்டர் ஓடும்போது, அழுக்குத் தண்ணீரை வெளியே விடுகிற வேஸ்ட் குழாயின் முனையைப் பார். காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தால் வால்வுக்குள் வழிகளைப் பிரித்து அடைக்கிற ரப்பர், ஸ்பைடர் கேஸ்கட், போய்விட்டது. வடிகட்டாத தண்ணீர் அந்த இடுக்கு வழியாகக் குளத்துக்கும் போகலாம். பம்பை நிறுத்தாமல் கைப்பிடியைத் திருகுவதுதான் கேஸ்கட்டைக் கெடுக்கும். அந்தத் தம்பியிடம் அதட்டியே சொல், தப்பில்லை.

இன்னொன்று. தினமும் பேக்வாஷ் பண்ணச் சொல்கிறேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். வேண்டாம்மா. மணலின் மேல் லேசாக அழுக்குப் படிந்தால்தான் அது பொடியைப் பிடிக்கும். புதிதாகக் கழுவிய மணலை விட ஓரளவு அழுக்கேறிய மணலே நன்றாக வடிகட்டும். பேக்வாஷ் முடிந்ததும் பிரஷர் கேஜில் என்ன காட்டுகிறது என்று குறித்து வை. அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறிய பிறகு அடுத்த பேக்வாஷ் போதும்.

உங்கள் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால் ஒரு சந்தேகம் இருக்கிறது. பம்பை நிறுத்தி, காற்றுத் திருகைத் திறந்து, கேஜ் பூஜ்யத்துக்கு வந்தபின் வால்வைக் கழற்றி மணலுக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொல். சுண்ணாம்பு ஏறினால் மணல் கருப்பட்டிக் கட்டி மாதிரி இறுகியிருக்கும். தண்ணீர் அந்தக் கட்டிகளைச் சுற்றி ஓட்டை போட்டுக்கொண்டு அழுக்கோடு இறங்கிவிடும். அப்படி இருந்தால் மட்டும் மணலை மாற்று. 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் சிலிக்கா மணல் என்று கேட்டு வாங்கு. கட்டடத்துக்கு வாங்குகிற எம்-சாண்ட் கொட்டிவிட்டால் அந்தத் தூசியே குளத்துக்கு வரும். கொட்டும்போது நடுக்குழாய் வாயைப் பாலிதீன் கட்டி மூடணும், டேங்கில் பாதி தண்ணீர் நிற்கணும். இல்லாவிட்டால் மணல் விழுகிற வேகத்தில் லேட்டரல் ஒடியும். கொட்டுகிறவர் மாஸ்க் போடட்டும், சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இது எதுவும் இல்லையென்றால், குளோரின் போட்டுச் செத்த பாசிதான் அது. மணலுக்குள் நிற்காத அளவு பொடி. படிகாரக் கரைசல் ஊற்றி, ரீசர்குலேட்டில் சுற்றவிட்டு, இரவு முழுக்க பம்பை நிறுத்திவை. காலையில் அடியில் படிந்திருப்பதை வால்வை ‘வேஸ்ட்’டில் வைத்து மெதுவாக வேக்குவம் பண்ணு. ஃபில்டருக்குள் விடாதே, திரும்பவும் குளத்துக்கே வரும். படிகாரம் பிஎச்-ஐ இறக்கும், அதனால் பிறகு சோதித்து 7.2க்கும் 7.6க்கும் நடுவில் கொண்டுவா.

சாக்ஸில் என்ன சிக்கியது, வேஸ்ட் குழாய் காய்ந்திருக்கிறதா, இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. கேஸ்கட் வாங்கப் போனால் மாப்பிள்ளை பழையதைக் கையோடு எடுத்துப் போகட்டும், மாடலுக்கு மாடல் அளவு மாறும். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா