வினா-விடை குறையட்டும், அவுட்லைன் மேப் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில் புவியியல் என்றாலே ஒரு வரி வினா-விடைதான் வருகிறது. மிக நீளமான ஆறு, மிக உயரமான சிகரம் என்று கேட்டால் அது போதும். ஒரு கூற்றையும் ஒரு காரணத்தையும் தந்து, இரண்டும் பொருந்துமா என்று கேட்கும் கூற்று-காரணம் வகைக் கேள்விக்கு அது உதவாது. வேலூர், குடியாத்தம் பக்கம் தேர்வுக்குப் படிக்கும் பலர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இந்தியாவின் பரவலை எடுத்துக்கொள்வோம். அட்சம் 8°4' முதல் 37°6' வரை. தீர்க்கம் 68°7' முதல் 97°25' வரை. இரண்டுமே சுமார் 29 டிகிரி. ஆனால் தெற்கு வடக்காக 3,214 கி.மீ., மேற்கு கிழக்காக 2,933 கி.மீ. எண்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்களும் "ஏன் இந்த வித்தியாசம்?" என்றால் விழிக்கிறார்கள். தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. ஒரு டிகிரி தீர்க்கம் கன்னியாகுமரியில் சுமார் 110 கி.மீ.; காஷ்மீரின் வட கோடியில் 89 கி.மீ.தான். அட்சத்துக்கு அந்தச் சுருக்கம் கிடையாது, எங்கும் ஏறத்தாழ 111.

இது கையால் வரைந்தால்தான் மண்டையில் ஏறும். ஏ4 தாளில் ஒரு டிகிரிக்கு 3 செ.மீ. வீதம் கட்டம் போட்டால், அட்சம் 8 முதல் 14 வரை 18 செ.மீ., தீர்க்கம் 76 முதல் 81 வரை 15 செ.மீ.; தமிழ்நாடு அடங்கிவிடும். நம் அட்சத்தில் சதுரக் கட்டம் பரவாயில்லை. அதே கட்டத்தில் இந்தியாவை வரைந்தால் வடக்கு பருத்துப்போகும்.

முதலில் கடற்கரை, அடுத்து மலை, அதற்குப் பிறகே ஆறு. ஆற்றை முதலில் இழுப்பவர்கள் அதை மலைமேல் ஏற்றி இறக்கிவிடுகிறார்கள். நம் பாலாற்றையே பலர் ஜவ்வாது மலையில் தொடங்குகிறார்கள். அங்கே பிறப்பது செய்யாறு. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்கு வருகிறது. செய்யாறு அதோடு சேர்வது வெகு கீழே, திருமுக்கூடலில்.

மானுடப் புவியியலுக்குத் தனி நோட்டு போடுவதும் வீண் வேலை. அதே படத்தில் சென்னை-ஜோலார்பேட்டை ரயில் பாதையையும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியையும் குறித்தால் போதும், தோல் தொழில் ஏன் இந்தப் பள்ளத்தாக்கில் வேரூன்றியது என்பது தெரிந்துவிடும். ஆற்று மணலுக்கடியில் ஊற்றுநீர், பதனிட ஆவாரம்பட்டை, துறைமுகம் வரை ரயில். பிற்பாடு குரோமியப் பதனிடல் வந்தபோது, தண்ணீர் தந்த அந்த மணலே கழிவின் உப்பையும் கிணறுகளுக்குக் கொண்டுபோனது. இதில் எது இயற்கைப் புவியியல், எது மானுடப் புவியியல் என்று பிரிக்க முடியுமா?

நேரக் கணக்கில் தவறுவது பெரும்பாலும் கூட்டுவதா கழிப்பதா என்பதில். இந்திய நேரம் 82°30' தீர்க்கத்துக்கு உரியது. வேலூர் 79°8'. வித்தியாசம் 3°22', டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 13 நிமிடம் 28 வினாடி. நாம் மேற்கே இருப்பதால் கழிக்க வேண்டும். கடிகாரம் 12 காட்டும்போது நம் தல நேரம் (உள்ளூர் நேரம்) 11.46 தான். டோப்போ ஷீட்டும் (நிலத்தின் மேடு பள்ளம், ஆறு, ஊர்களைக் குறியீடுகளால் காட்டும் வரைபடம்) இப்படித்தான், விதி தெரிந்தால் தவறாது: 1:50,000 என்றால் 2 செ.மீ.க்கு 1 கி.மீ., நீலம் நீர், கறுப்புக் கோட்டில் வந்தால் வறண்ட ஓடை.

இன்னொன்று. வேலூர் மாவட்ட மக்கள்தொகை 39,36,331 என்று கைடுகளில் இன்னும் அச்சாகிறது. அது 2011 கணக்கெடுப்பின் எண். திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் 2019இல் பிரிவதற்கு முந்தைய பழைய மாவட்டத்துக்கு உரியது. இன்றைய மாவட்டப் பரப்பால் அதை வகுத்து அடர்த்தி காண்பவர்களுக்குத் தப்பான விடைதான் கிடைக்கும்.

ஆகவே வாரம் ஒரு வெற்று வரைபடம் வெளியிட வேண்டுகிறோம். ஊர்ப்பெயர் வேண்டாம், அட்ச, தீர்க்கக் கோடுகளை மட்டும் ஓரத்தில் எண்ணோடு விடுங்கள். கால் பக்கத்துக்குக் குறைந்தால் பென்சில் ஓடாது. விடையை மறுநாள், காரணத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி