செயலாளரின் ஆண்டறிக்கை: குன்னூர் வட்டாரச் சபைகளின் ஐக்கியக் கூட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், ஆயர்களுக்கும், பங்குத்தந்தையர்க்கும், மூப்பர்களுக்கும், பெண்கள் ஐக்கியச் சகோதரிகளுக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

இவ்வாண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் நான்கு கூட்டங்களை டிரம்ஸ் விழுங்கிவிட்டது. வாலிபர்கள் ஆராதனையில் டிரம்ஸ் அடிக்கலாமா, பாட்டு வரிகளைத் திரையில் காட்டலாமா, பாமாலையும் கீர்த்தனையும் மூலைக்குப் போய்விடுமோ என்று பேசிப் பேசி எத்தனை வர்க்கி தீர்ந்தது என்பதைப் பொருளாளரின் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம். கீர்த்தனைக்கு ஆர்மோனியம் வந்த நாளில் தம் தாத்தா அதை நாடகக் கொட்டகைச் சாமான் என்று முகம் சுளித்ததை மூத்த உறுப்பினர் ஒருவர் நினைவுபடுத்தினார். கடைசியில், அந்தந்தச் சபை தன் வசதிப்படி செய்துகொள்வது என்று முடிவாயிற்று. முதல் கூட்டத்திலேயே இதை முடித்திருக்கலாம் என்பது செயலாளரின் சொந்தக் கருத்து. நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றவில்லை.

சீசன் மாதங்களில் பாடகர் குழுவில் பாதிப் பேர் காட்டேஜ்களிலும் டாக்சிகளிலும் இருக்கிறார்கள். 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் அவர்களுக்கு ஞாயிறு ஓய்வு கிடைத்ததாகத் தெரியவில்லை. பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காத வீட்டில், ஞாயிற்றுக்கிழமை வாடகையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எந்த ஆயருக்கு வாய் வரும்? ஆகவே மூன்று சபைகள் சனி மாலை ஆராதனையைத் தொடங்கியுள்ளன. இது ஓய்வுநாளை மீறுவது என்று ஒரு கடிதம் வந்தது. வாசித்துக் கோப்பில் வைத்தோம்.

இனி, நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்களில் சிலர் கடந்த மழைக்காலத்தில் நம் ஆலயங்களுக்கு வரத் தொடங்கினார்கள். பெஞ்சு காலியாக இருந்தாலும் உட்காராமல் பின்சுவர் ஓரமாக நிற்பார்கள். நாமும் அடுத்த கூட்டத்தில் 'வடநாட்டுத் தொழிலாளர் மத்தியில் சுவிசேஷ ஊழியம்' என்று ஒரு பொருளைச் சேர்த்தோம். இந்தித் துண்டுப் பிரசுரமும் கொடுத்தோம். இங்குள்ள பள்ளியில் தமிழ் படிக்கும் ஒரு சிறுவன் அதை வாங்கித் தன் தாயிடம் காட்டிவிட்டு நம்மிடம் திரும்பி, "அம்மா ஊரில் ஞாயிறு பள்ளி டீச்சர்" என்றான்.

அதன்பிறகுதான் நாம் வரலாற்றைப் புரட்டினோம். அவர்களுடைய சபையைத் தொடங்கிய ஜெர்மானிய கோஸ்னர் மிஷனரிகள் ஜார்க்கண்டின் ராஞ்சிக்கு வந்தது 1845இல். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் நம் கேத்தியில் கால் ஊன்றியது 1846இல். ஆக, அவர்களுடைய சபை நம்முடையதற்கு ஒரு வயது மூத்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபின் 1919இலேயே அது தன்னாட்சி பெற்றுவிட்டது; நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல். அக்காவுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறோம். அந்தப் பொருளைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட்டோம்.

ஆனாலும் ஆகஸ்டில் நடந்ததை அடிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டபோது, சபை அங்கத்தினர் இல்லை, சந்தா அட்டை இல்லை என்று ஒரு சபையின் கமிட்டி கையை விரித்தது. மழையில் ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. மாலை நான்கு மணிக்கு வேறொரு சபை குழி வெட்ட இடம் கொடுத்தது. எந்தக் கமிட்டி என்று இங்கே எழுதவில்லை. அதில் நானும் உறுப்பினன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் பெண்கள் ஐக்கியத்தின் ஒரு சகோதரி. இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர் பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். "எங்களையும் சிலோன்காரர் என்றுதான் கடைசி பெஞ்சில் வைத்தீர்கள். எங்கள் அப்பாவின் கல்லறை இங்கே இருப்பதால்தான் நான் இந்த ஊர்க்காரி" என்றார். எந்தச் சபையின் ஞானஸ்நானச் சான்று இருந்தாலும் அடக்கத்துக்கு இடம் தரவேண்டும் என்பது தீர்மானம். சந்தா கட்டியவனுக்கு என்ன மரியாதை என்று கேட்டவர்களும் உண்டு. கல்லறைத் தோட்டங்களில் இடம் குறைந்துவருவதால் அந்தக் கேள்வியை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. நீண்ட விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது.

அக்டோபரிலிருந்து மாதந்தோறும் ஒரு சனி மாலை இந்தியில் வேதவாசிப்பு, ஜார்க்கண்டில் பேசும் சாத்ரி மொழியில் ஒரு பாட்டு. ஜார்க்கண்ட் குடும்பத்தினர் தோளில் மாட்டி வாசிக்கும் மத்தளத்துக்கு 'மாந்தர்' என்று பெயர். தமிழில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னபோது அவர்கள் வெகுநேரம் சிரித்தார்கள். கேத்தியிலிருந்து வந்த ஒரு படகப் பாட்டி பதிலுக்குப் படகர் மொழியில் ஒரு ஜெபப் பாட்டுப் பாடினார். படகரில் முதல் ஞானஸ்நானம் 1858இல்தான் என்பதும், அதற்கு மிஷன் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தது என்பதும் அன்று பேச்சில் வந்தது. டிரம்ஸை எதிர்த்த ஐயா முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கல்லறைத் தீர்மானத்துக்கு இரண்டு கமிட்டிகள் இன்னும் பதில் எழுதவில்லை. மூன்றாவது நினைவூட்டல் கடிதம் சென்ற வாரம் அனுப்பப்பட்டது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்