முகத்துக்கு இளமை: ஊசியும் கத்தியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், முகத்தை இளமையாக்கும் சிகிச்சைகள் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவில் பல ஆண்டுகளும், ஓய்வுக்குப் பின் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஆறு ஆண்டுகளும் செவிலியராக வேலை பார்த்தவள் நான். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, ஒட்டிய இடத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி, தோலுக்கடியில் நூல் வைத்து இழுப்பது, முகத்தை அறுவையால் தூக்கிக் கட்டும் ஃபேஸ்லிஃப்ட் ஆகிய எல்லாவற்றையும் அந்தக் கட்டுரை ஓட்டல் பட்டியலைப் போல ஒரே பத்தியில் அடுக்கி, கையில் இருக்கும் காசுக்குத் தகுந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. இவை ஒன்றுக்குப் பதில் ஒன்று அல்ல. ஒவ்வொன்றும் முகத்தின் வெவ்வேறு குறைக்கு உரியவை. இது தெரியாமல் பணத்தையும் நிம்மதியையும் இழந்தவர்களைக் கண்ணால் பார்த்திருப்பதால் எழுதுகிறேன்.

ஆலோசனைக்கு வரும் பெண்கள் பலர் செய்யும் சைகை ஒன்று உண்டு. கண்ணாடி முன் உட்கார்ந்ததும், இரு கை விரல்களையும் காதுக்கு முன்னால் வைத்துக் கன்னத்தை லேசாக மேலே இழுத்து, "இப்படி இருந்தால் போதும் சிஸ்டர்" என்பார்கள். அந்தச் சைகையிலேயே பாதி விஷயம் விளங்கிவிடும். விரலால் தூக்கினால் சரியாகிறது என்றால் அங்கே இருப்பது தொய்வு. தொய்வுக்கு ஊசி மருந்து கிடையாது. கோபப்படும்போதும் வெயிலில் கண்ணைச் சுருக்கும்போதும் புருவங்களுக்கு நடுவே விழும் கோடு தசையின் வேலை. கன்னத்தை எவ்வளவு இழுத்துத் தைத்தாலும் அது போகாது. கன்னம் ஒட்டிப்போவது, வயதோடு முகத்தின் கொழுப்பும் எலும்பும் குறைவதால் வருவது. மங்கு தோலின் மேற்பரப்பில் இருப்பது. இவை அத்தனையும் ஒரே முகத்தில் சேர்ந்தே இருக்கும் என்பதால்தான், எது உறுத்துகிறது என்று நோயாளியே விரலால் தொட்டுக் காட்டும்வரை நல்ல மருத்துவர் பேனாவை எடுப்பதில்லை.

போடாக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் தசையில் செலுத்துவது. நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது தடுத்துவிடுவதால் அந்தத் தசை சுருங்குவதில்லை, மேலே இருக்கும் தோலும் மடிவதில்லை. புருவ நடுக்கோட்டுக்கு இதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002ஆம் ஆண்டில் அனுமதித்தது. பலன் சுமார் 3 முதல் 4 மாதங்கள். அதன் பிறகு மறுபடியும் போட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து, தூளாக வருவதை உப்பு நீரில் கரைத்துத்தான் செலுத்துவார்கள். கரைக்கும்போது குப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு கரைத்தார்கள், எத்தனை யூனிட் போட்டார்கள் என்பது தெரியாமல் விலையை மட்டும் ஒப்பிட்டால், தண்ணீர் கலந்த பாலை லிட்டர் கணக்கில் மலிவாக வாங்கிய கதைதான்.

ஃபில்லரைப் பற்றித் தங்கள் கட்டுரை "பக்க விளைவு இல்லாதது" என்று எழுதியிருந்ததுதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. ஃபில்லராகப் பெரும்பாலும் செலுத்தப்படும் ஹையலூரோனிக் அமிலம் நம் உடலிலேயே இருக்கும் பொருள் என்பது உண்மை. ஆனால், மூக்கு, புருவ நடு, மூக்கோரம் போன்ற இடங்களில் அது தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் அந்த இடத்துத் தோல் இரத்தம் இல்லாமல் அழுகும். கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வையே போகும். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. இந்த வகை ஃபில்லரைக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்ற மருந்து உண்டு. ஊசி போடும் இடத்தில் அந்த மருந்து இப்போது கைவசம் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே வந்திருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

இனி ஃபேஸ்லிஃப்ட். தோலை மட்டும் இழுத்துத் தைப்பது பழைய முறை. அது பலத்த எதிர்க்காற்றில் நடப்பவர் முகம் போல இறுகித் தெரியும், சீக்கிரமே தளர்ந்தும் விடும். தோலுக்குக் கீழே, முகத் தசைகளோடு சேர்ந்த ஒரு உறுதியான படலம் இருப்பதை 1976ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர்கள் மிட்ஸும் பெரோனியும் விவரித்து எழுதிய பிறகுதான், அந்தப் படலத்தைத் தூக்கிக் கட்டி, பாரத்தை அதன் மீது ஏற்றி, தோலை இழுவையில்லாமல் மேலே படிய வைக்கும் வழி பரவியது. எஸ்.எம்.ஏ.எஸ். என்று அரங்கில் சொல்வது அதைத்தான். கீறல் நெற்றிப்பொட்டின் முடிக்குள் தொடங்கி, காதின் முன்விளிம்பை ஒட்டி இறங்கி, மடலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்த் தலைமுடியில் மறையும். சில மணி நேர வேலை. ஒழுங்காகச் செய்தால் பலன் பல ஆண்டுகள் நிற்கும். முதுமை மட்டும் நிற்காது, புதிய இடத்திலிருந்து மறுபடியும் நடக்கத் தொடங்கும்.

இதில் செவிலியர்கள் அஞ்சுவது முதல் இரவை. தோலுக்கடியில் இரத்தம் கட்டுவதுதான் இந்த அறுவையில் அடிக்கடி வரும் சிக்கல். கட்டு போட்ட முகத்தோடு படுத்திருப்பவர், "இடது பக்கம் மட்டும் இறுக்கமாக இருக்கிறது, வலி கூடுகிறது" என்று சொன்னால், மணி இரண்டானாலும் மூன்றானாலும் மருத்துவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். இரத்த அழுத்தம் ஏறவிடக் கூடாது என்பதற்காக வாந்தியும் இருமலும்கூட அடக்கப்பட வேண்டிய விஷயங்கள் ஆகிவிடும். இரவு தங்க வசதியில்லாத, இரவில் மருத்துவர் கிடைக்காத இடத்தில் இதைச் செய்துகொள்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதன் பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்கு வீக்கமும் கன்றலும் இருக்கும். காது மடல் மாதக்கணக்கில் மரத்திருக்கும். தோட்டின் திருகு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. முக நரம்பில் பாதிப்பு நேர்ந்தால் வாய் ஒரு பக்கம் இழுக்கும். பெரும்பாலும் தானாகச் சரியாகும், சிலருக்கு ஆவதில்லை. புகைபிடிப்பவர்களுக்குக் காதின் பின்பக்கத் தோல் கருகிப்போகும் ஆபத்து அதிகம் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரை அரங்கின் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை மறைக்கவும் கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது.

ஐம்பதைத் தாண்டிய நம் ஊர்க்காரர்கள் பலருக்குக் கண் இமை அறுவை மட்டுமே போதுமானதாக இருக்கும் என்பது என் எண்ணம். மேலிமையில் தொங்கும் தோலை மடிப்பு விழும் இடத்தில் கீறி எடுப்பதும், கீழிமையில் பிதுங்கும் கொழுப்பைக் குறைப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தே செய்யக்கூடியவை. தழும்பு மடிப்புக்குள் ஒளிந்துவிடும். லேசர், பீல் (மருந்து தடவித் தோலின் மேற்படலத்தை உரிப்பது) விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. நம் மாநிறத் தோலில் அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் பட்ட இடம் கறுத்துவிடும். போக்க வந்த திட்டைவிடப் பெரிய திட்டோடு வீடு திரும்ப நேரிடும்.

நூல் சிகிச்சையைப் பற்றி என் ஓரகத்தியின் அனுபவத்தைச் சொல்கிறேன். ஐம்பத்து நான்கு வயது. தாடைக்கு மேல் சதை இறங்கியிருந்தது, அதாவது அந்த விரல் சைகைக்காரர். அழகு நிலையத்தோடு சேர்ந்த ஒரு கிளினிக்கில் நூலும் ஃபில்லரும் சேர்ந்த "பேக்கேஜ்" என்று பேசி, முன்பணம் வாங்கி, ஒரே மதியத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். கரையும் நூல் என்பது சில மாதங்களில் கரைந்தே போகும் நூல். தொய்வு கூடிப்போன முகத்தை அது எத்தனை நாள் பிடித்து நிறுத்தும்? சிரித்தால் வலக் கன்னத்தில் ஒரு குழி விழுந்தது, அழகுக் குழி இல்லை, துணியில் நூல் இழுத்துக்கொண்டது போன்ற குழி. போய்க் கேட்டபோது இன்னும் இரண்டு நூல் போட்டால் சமன் ஆகிவிடும் என்றார்களாம். ஊசி போட்டவரை அவர் கடைசிவரை "டாக்டரம்மா" என்றே சொன்னார். என்ன படித்தவர் என்று கேட்டேன், தெரியவில்லை. ரசீது கேட்டேன், கையால் எழுதிய துண்டுச் சீட்டில் தொகை மட்டும் இருந்தது, பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

மருத்துவர் தம் பதிவு எண்ணைச் சீட்டிலும் ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. பயிற்சிப் பட்டறையில் பார்த்ததையும் யூடியூபில் பார்த்ததையும் வைத்துக்கொண்டு அழகியல் சிகிச்சையில் இறங்குவது போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டில் முடிமாற்று சிகிச்சை பற்றிய வழிகாட்டுதலில் எழுதவே வேண்டியிருந்தது. கத்தி வைக்கும் சிகிச்சைக்கு எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற முறையான படிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோல் மருத்துவர் ஊசிக்கும் லேசருக்கும் தகுதியானவர். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகை மட்டும் எதையும் சொல்வதில்லை. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு, விபத்தாலோ பிறவிக் குறையாலோ செய்வதற்குத்தான் விலக்கு. எனவே முறையான பில் கேட்பது உரிமை. காப்பீட்டில் பணம் வராது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

வயதான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் கூட்டத்தில் நான் இல்லை. பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கிய காதுகளைத் தம் மகள்களின் காலத்தில் அறுத்துத் தைத்துக்கொண்ட தென்மாவட்டத்துப் பாட்டிமார் செய்ததும் அழகு அறுவைதான். யாரும் அவர்களைக் கேலி செய்ததில்லை. "பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் முகத்தில் பிளாஸ்டிக் வைப்பீர்களா" என்று வார்டில் கேட்டவர்களுக்கு, அது உருவாக்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று விளக்கி அலுத்தவள் நான். ஆசைப்படுவது குற்றமில்லை, எதற்கு ஆசைப்படுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் அரைப் பக்க விளம்பரம் ஒன்று இருந்தது. "முன்" படத்தில் அந்தப் பெண்மணி மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பொட்டு இல்லாமல், தலையைக் குனிந்தபடி இருக்கிறார். "பின்" படத்தில் முகத்துக்கு நேராக விளக்கு, உதட்டில் சாயம், நிமிர்ந்த கழுத்து. எந்தச் சிகிச்சை, யார் செய்தார், எத்தனை மாதம் கழித்து எடுத்த படம் என்று ஒரு வரி இல்லை. இனி இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது, சிகிச்சை செய்யும் மருத்துவரின் பட்டமும் பதிவு எண்ணும், படத்தில் உள்ள சிகிச்சையின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று விளம்பரப் பிரிவு கேட்டு வாங்குமா? கட்டுரையில் ஃபில்லர் பற்றி எழுதிய அந்த ஒரு வரிக்கு அடுத்த ஞாயிறே திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை.