திருத்திய பிரதியையே அச்சிடுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்த ஒரு நாவலைப் புரட்டிப் பார்த்த வருத்தத்தில் இதை எழுதுகிறேன். அதன் கைப்பிரதியை ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகச் செப்பனிட்டவன் நான். அச்சில் வந்திருப்பதோ நாங்கள் கைவைப்பதற்கு முன்பிருந்த பிரதி. கேட்டால், "மூணு ஃபாரம் குறைஞ்சுபோச்சு சார், புத்தகம் கொஞ்சம் கனமா இருந்தாத்தான் விலை வைக்க முடியும்" என்கிறார்கள். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். இது ஓரிடத்தில் மட்டும் நடப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அச்சுக் கணக்கில் ஒரு ஃபாரம் 16 பக்கம்; மூன்று ஃபாரம் என்றால் 48 பக்கம். அதில் கதை எதுவும் போகவில்லை. 'தன் கையால் கதவைத் திறந்தான்' என்பதில் 'தன் கையால்' போயிற்று. 'மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்' என்பதில் 'மனதுக்குள்' போயிற்று. 'வந்தான்' என்றாலே ஆள் தெரிந்துவிடுகிற மொழியில் வரிக்கு வரி 'அவன்' எதற்கு? பேச்சிலேயே கோபம் தெறிக்கும்போது 'என்று கோபமாகக் கத்தினான்' எதற்கு?

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். கணவனின் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் காலை அந்தப் பெண் பால்காரரிடம், "இனிமே கால் லிட்டர் போதும்" என்கிறாள். கைப்பிரதியில் அதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் அவளுடைய தனிமைக்கு விளக்கம், வெறுமை, கண்ணீர். எடுத்துவிடலாம் என்றபோது ஆசிரியருக்கு மனமே வரவில்லை. பல நாள் யோசித்துவிட்டு அவரே அதை அடித்தார். காட்சி கால் லிட்டரோடு நின்றது. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அச்சில் அந்த ஒன்றரைப் பக்கம் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது, அவர் பெயரைத் தாங்கிக்கொண்டு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கு ஃபாரக் கணக்கில் விலை வைக்கப்பட்டதும், காகித விலை ஏறுவதும் எனக்குத் தெரியும். ஆனால் தேவையற்ற 48 பக்கத்துக்கும் காகிதம் நீங்கள்தானே வாங்குகிறீர்கள்? பிரதி திருத்தும் எங்களில் பலருக்குப் பக்கக் கணக்கில்தான் கூலி. குறைக்கக் குறைக்க எங்கள் வருமானமும் குறைகிறது. அப்படியும் குறைக்கிறோம் என்றால் கதைக்காகத்தான். ஆயிரம் பக்கம் கேட்கும் கதைக்கு ஆயிரம் பக்கம் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

எழுத்துப்பிழை பார்ப்பதையே எடிட்டிங் என்று நினைக்கும் வழக்கம் வேறு. டிசம்பரில் கோப்பை அனுப்பி, நாலு நாளில் முடித்துக் கொடுங்கள் என்றால் ஒற்றுப்பிழைதான் பார்க்க முடியும். 2020இல் க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் மறைந்தபோது, பிரதியைச் செம்மைப்படுத்த அவர் எடுத்துக்கொண்ட உழைப்பைப் பற்றி எத்தனையோ பேர் நெகிழ்ந்து எழுதினார்கள். அந்த உழைப்புக்கு நம் பதிப்பகங்களில் இன்று இடம் எங்கே இருக்கிறது? வெளியீட்டு விழாவுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியையாவது பிரதிக்குச் செலவிடக் கூடாதா?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஆசிரியர் ஒப்புக்கொண்டு திருத்திய பிரதியையே அச்சுக்கு அனுப்புங்கள். அதில் ஒரு பத்தியைச் சேர்ப்பதென்றாலும் அவரைக் கேட்டுச் சேருங்கள். அந்த நாவலுக்கு இரண்டாம் அச்சு வந்தால், அதிலாவது திருத்திய பிரதி வர வேண்டும். கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்.

பணிவுடன்,
ஒரு பிரதி திருத்துநர்